வாளியும் நானும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், சேலையூர்க் கடைத்தெருவில், மூடி போட்ட வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ‘புராப்வாஷ் இருக்கிறதா?’ என்று கடை கடையாக ஏறி இறங்கிய ஒரு பிரகிருதியை வாசகர்களில் எவரேனும் கண்டிருந்தால், அது அடியேன்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அனுப்பிவைத்தவர் என் அடுத்த வீட்டுக்காரர். விமானப்படையில் பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தம் பழைய ஸ்கூட்டரைத் துலக்க அதைவிட உத்தமமான வஸ்து கிடையாது என்று, முகத்தில் ஒரு ரேகைகூட அசையாமல் சொன்னார். இந்த ஆகாய வீரர்களுக்கு மாத்திரம் இப்படிப்பட்ட சேஷ்டைகளில் ஏன் இவ்வளவு மோகமோ தெரியவில்லை.

விமானத்தின் விசிறி சுழலும்போது பின்னால் தள்ளுகிற காற்றுக்குத்தான் அந்தப் பெயராம். ஏமாந்ததுகூட என்னை உறுத்தவில்லை, வாளிதான் உறுத்துகிறது. தளும்பிவிடுமே என்று மூடியையும் தேடி எடுத்துக்கொண்டு போனேனே! காலி வாளி என்று உலகம் சொல்வதெல்லாம் காற்று நிரம்பிய வாளியே ஆகையால், நியாயப்படி நான் வாசற்படியிலேயே திரும்பி, ‘இந்தாருங்கள்’ என்று நீட்டியிருக்கலாம். ஆனால் அது நின்ற காற்று. அவர் கேட்டதோ ஓடுகிற காற்று. ஓடுகிற காற்றை வாளியில் பிடித்த மாத்திரத்தில் அது நின்றுவிடுமே. நின்றபின் அதைப் புராப்வாஷ் என்றே அழைப்பதா, அல்லது அவரைப் போலவே அதுவும் ஓய்வுபெற்றுவிட்டது என்று கொள்வதா? மூடியைப் பிடித்த பிறகு போடவேண்டுமா, பிடிக்கும்போதே போடவேண்டுமா? சந்தேகம் தீராமல், மத்தியானம் மேஜை விசிறிக்கு எதிரே வாளியைச் சாய்த்துப் பிடித்து, கால் மணி நேரம் பரீட்சித்தும் பார்த்தேன். என் மனைவி பார்த்துவிட்டாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

இவர்களுடைய குறும்புக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1941-இல் பிரிட்டிஷ் விமானப்படை, ‘டீ எம்’ என்ற பயிற்சிப் பத்திரிகையில், ஆன்டனி ஆர்ம்ஸ்ட்ராங் எழுத, பில் ஹூப்பர் படம் வரைய, பைலட் ஆபீசர் புரூன் என்று ஒரு மகா மூடனைச் சிருஷ்டித்து, செய்யத் தகாத தவறுகளையெல்லாம் அவன் தலையில் கட்டியது. அதோடு விட்டார்களா? நிஜமாகவே அசட்டுக் காரியம் செய்த விமானிகளுக்கு, எடுக்கமுடியாத விரலின் பெயரால் ஒரு விருதையும் ஏற்படுத்தி, பெயரைப் பத்திரிகையிலேயே அச்சிட்டார்கள். பிறத்தியார் தவறென்றால் விருது. தங்கள் விமானம் இடக்குப் பண்ணினாலோ, ‘கிரெம்லின்’ என்னும் குட்டிச்சாத்தான்களின் வேலை! அந்தப் படையிலேயே போர் விமானம் ஓட்டிய ரோல்ட் டால், 1943-இல் அச்சாத்தான்களைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டுவிட்டார். அமெரிக்காவிலோ, முதன்முதலாகத் தனியே பறந்து இறங்குகிற மாணவனுடைய சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்துவிடுவது சம்பிரதாயமாம். நல்ல சட்டையை! அதற்குக் கைதட்டல் வேறு.

அவர்களாவது படையில் இருந்தவர்கள், போகட்டும். ஆணி விற்கிற மூன்றாவது கடைக்காரருக்கு என்ன வந்தது? அவர் என் வாளியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், மேல்தட்டைத் துழாவுவதுபோல் ஒரு பாவனை செய்தார், பிறகு, “நேத்துதான் சார் தீர்ந்துபோச்சு. ராஜகீழ்ப்பாக்கத்துல கேட்டுப் பாருங்க, நான் அனுப்பினேன்னு சொல்லுங்க” என்றார்.

போனேன். அவர் அனுப்பியதாகவும் சொன்னேன்.

வெறும் வாளியோடு வியர்த்து வந்து நின்ற என்னை, அடுத்த வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்து, “பரவாயில்லை சார், வாளியை அங்கேயே வச்சுடுங்க” என்றார். வைத்துவிட்டு வந்தேன். அது எங்கள் வீட்டு வாளி. மேஜை விசிறிப் பரீட்சைக்காக ஒரு மணி நேரம் இரவல் கேட்டு வாங்கினேன். மறுபடி அவர் வீட்டுக்கே போய்விட்டது. மூடியையும் இன்னும் தரவில்லை.