ஜோன் லெனன் விடுமுறையில் இருக்கிறார்

செத்தவர் பாடலாமா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த பீற்றில்ஸ் இரசிகர்கள் 1995இல் சொன்ன பதில்: கூடவே கூடாது. 2023இல் அதே ஆட்கள் சொன்ன பதில்: கூடாதுதான், ஆனால் 1995இல் பாடினாரே, அது வேறு விசயம்.

அவர்களில் இரண்டு பேரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். ஒருவர் லிவர்பூல்காரர், லண்டனில் மினிகாப் ஓட்டினார். நான் இரவு வேலை செய்த பெற்றோல் ஸ்ரேசனுக்கு நடுச்சாமம் தாண்டித்தான் வருவார். ஐந்து பவுணுக்குப் பெற்றோல் அடித்துவிட்டு ஐம்பது பவுணுக்குக் கதைப்பார். மற்றவன் மாணவன், வார இறுதிகளில் என்னோடு ரில்லில் நிற்பான். அந்த ஓகஸ்ட் மாதம் பிளர், ஒயேசிஸ் என்ற இரண்டு குழுக்களும் ஒரே நாளில் பாட்டு வெளியிட்டு மோதியதில் ஒயேசிஸ் பக்கம் நின்று தோற்றவன். பீற்றில்ஸ் பிரிந்த 1970இல் அவன் பிறந்திருக்கவே இல்லை. அதனாலோ என்னவோ, அவர்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

நவம்பர் கடைசியில் ஐரீவியில் ‘அந்தோலஜி’ தொடர் தொடங்கியது. டிசம்பர் 4ஆம் திகதி ‘பிறீ அஸ் எ பேர்ட்’ கடைக்கு வந்தது. ஜோன் லெனன் நியூயோர்க்கில் சுடப்பட்டு இறந்து பதினைந்து வருசம் ஆகப்போகிற நேரத்தில் அவர் குரலில் புதுப் பாட்டு. எழுபதுகளில் ஜோன் தன் வீட்டுப் பியானோவில் இருந்து சாதாரண கசெற்றில் பாடி வைத்ததை யோகோ ஓனோ 1994இல் போல் மக்கார்ட்னியிடம் கொடுத்திருந்தார். பாட்டு முடிந்திருக்கவில்லை. நடுவில் சில வரிகளுக்குச் சொல்லே இல்லை. போலும் ஜோர்ஜ் ஹரிசனும் சொல் எழுதிச் சேர்த்தார்கள், ரிங்கோ ஸ்ரார் டிரம்ஸ் அடித்தார். ஜோன் விடுமுறைக்குப் போயிருக்கிறார், ‘மிச்சத்தை நீங்களே பார்த்து முடியுங்கோ’ என்று நாடாவை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று பாவனை பண்ணிக்கொண்டுதான் மூவரும் வேலை செய்தார்களாம்.

லிவர்பூல்காரருக்கு அந்த விடுமுறைக் கதை அறவே பிடிக்கவில்லை. “விடுமுறைக்குப் போனவன் திரும்பி வந்து ‘என்ன செய்து வைத்திருக்கிறாய்’ என்று கேட்பான். இவன் கேட்க மாட்டான் என்ற துணிவில் செய்திருக்கிறார்கள்” என்றார். அதைவிடப் பெரிய முறைப்பாடு ஜெப் லின் மீது. பழைய தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் தன் காது சரியில்லை என்று விலகியதால் ஈ.எல்.ஓ. குழுவின் ஜெப் லின் வந்து பாட்டைச் செப்பனிட்டார். “இது பீற்றில்ஸ் இல்லை, ஈ.எல்.ஓ. ஜோன் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் நின்று பாடுகிற மாதிரி இருக்கு.” பாட்டு முதலிடத்துக்குப் போகாமல் மைக்கல் ஜாக்சன் மறித்ததும் அவருக்கு ஒரே நேரத்தில் சந்தோசமும் அவமானமும் வந்தன. எது கூட என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

மாணவன் மறுகட்சி. குரல் மங்கலாக இருப்பதுதான் அழகு என்றான். பியானோவும் குரலும் ஒரே தடத்தில் பதிவானவை. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும், வேறு வழியில்லை என்று எனக்கு விளக்கினான். தாளமும் சீராக இல்லையாம். வீட்டில் தனியே பாடுகிறவன் எந்த மணிக்கூட்டைப் பார்த்துப் பாடுவான்? ஜெப் லின் அதை இழுத்து நிமிர்த்தித்தான் மற்றவர்கள் சேர்ந்து வாசிக்கும்படி செய்தாராம்.

எனக்கு அது உடனே விளங்கியது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. அம்மா எனக்குக் கசெற்றில் பேசி அனுப்பியதும் அப்படித்தான். தம்பி பெடலைச் சுற்றுவான், அம்மா பேசுவார். அவன் களைக்கக் களைக்க றெக்கோடரின் வேகம் குறையும். இங்கே நான் லண்டன் மின்சாரத்தில் போட்டுக் கேட்கும்போது அந்த இடங்களில் அம்மாவின் குரல் கீச்சென்று ஏறும். “சாப்பிட்டியா, குளிருக்கு உடுப்பு இருக்கா” என்பது வரை அம்மா. மாமாவின் காணி வழக்கு வரும்போது யாரோ ஒரு சின்னப்பிள்ளை. பாட்டு வெளியான அந்த நாட்களில்தான் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. அம்மாவும் தம்பியும் ஒக்ரோபர் 30ஆம் திகதி சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குப் போனவர்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு நாடு முழுவதும் ஒரு கசெற்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது எனக்கு அந்த நேரத்தில் விசித்திரமாகப் படவில்லை. நானும் ஒரு கசெற்றைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டின் கடைசியில் யுகெலேலி வாசிப்போடு ஏதோ ஒரு முணுமுணுப்பு வரும். அது ஜோன்தான், பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று மாணவன் கண்டுபிடித்தான். ஒரு ஞாயிறு காலை வேலை முடிந்து மூவரும் அவன் அறைக்குப் போனோம். ஏழங்குல இசைத்தட்டைச் சுழலியில் வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஊசியை இறக்கி, சுட்டுவிரலை நடு லேபிளில் அழுத்தித் தட்டை மறுபக்கமாகச் சுற்றினான். முதலில் பன்றி உறுமுவது போல் ஒன்று கேட்டது. வேகம் பிடிபட்டதும் ஒரு மனிதன் தெரிந்தான். பழைய பகிடிக்காரர் ஜோர்ஜ் போர்ம்பி மேடையில் அடிக்கடி சொல்லும் வாசகம் அது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற கருத்தில். ஜோன் எப்போதோ சொல்லிவைத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதை நேராகக் கேட்டால் ‘ஜோன் லெனன் செய்தது’ என்று சொல்வது போலவும் இருக்கிறது என்றான் மாணவன். லிவர்பூல்காரர் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், பிறகு இன்னொருமுறை. “மோசடி” என்றார். ஊசியைத் தூக்க விடவில்லை.

அடுத்த மார்ச்சில் ‘றியல் லவ்’ வந்தது. பிபிசி றேடியோ 1 அதைத் தன் பட்டியலில் சேர்க்க மறுத்தது. போல் பத்திரிகையில் கோபமாக எழுதினார், பாராளுமன்ற உறுப்பினர்கள்கூட வாய் திறந்தார்கள். பிணத்தைத் தோண்டாதே என்று நாலு மாதம் கத்திய லிவர்பூல்காரர் இப்போது, “எங்கள் பொடியளை எங்கள் றேடியோவில் போட மாட்டானாமே” என்று கத்தினார். இரசிகர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தானே அடிக்கலாம், மற்றவன் கை வைக்கக் கூடாது.

மூன்றாவதாக எடுத்த பாட்டு ‘நவ் அன்ட் தென்’. 1995இல் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். நாடாவில் மின் இரைச்சல் விடாமல் கேட்டது, பியானோ குரலை அமுக்கியது. ஜோர்ஜுக்குப் பாட்டே பிடிக்கவில்லை. அவர் பாவித்த சொல்லை போல் பின்னாளில் சொல்லியிருக்கிறார், இங்கே எழுதத் தேவையில்லை. ஜோர்ஜ் 2001இல் இறந்தார். ஜோன் வீட்டில் தனியே பாடிவைத்த பதிவு மட்டும் இரசிகர்களிடையே களவாகச் சுற்றியது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், இரைச்சல் இல்லாத வேறொரு பிரதி 2009இல் களவுச் சீடியில் வந்தது. பீற்றில்ஸிடம் இல்லாத நல்ல நாடா களவுச் சீடி விற்றவர்களிடம் இருந்திருக்கிறது. இறந்தவரின் அந்தரங்கத்தில் கைவைக்கலாமா என்று 2023இல் என்னோடு மல்லுக்கு நின்ற மாணவன், அந்தக் களவுப் பிரதியைக் கேட்டுத்தான் வருசக்கணக்காக உருகினான்.

2023 ஜூனில் போல் வானொலிப் பேட்டியில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற வார்த்தையை விட்டார். ஜோனின் குரலைக் கணினி போலியாகச் செய்திருக்கிறது என்று உலகம் முழுக்க ஒரு கூச்சல். எதையும் செயற்கையாக உண்டாக்கவில்லை என்று போலே பிறகு விளக்க வேண்டி வந்தது. பீற்றர் ஜாக்சன் ‘கெற் பாக்’ ஆவணப்படத்துக்காகத் தன் ஆட்களைக் கொண்டு செய்வித்த மென்பொருள் அது. எது குரல், எது பியானோ, எது இரைச்சல் என்று அடையாளம் காணப் பழக்கப்பட்டது. கசெற்றைக் கொடுத்தார்கள், குரலை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தது.

அந்த நவம்பர் 2, வியாழக்கிழமை. இப்போது எனக்கென்று ஒரு சின்னக் கடை இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பாட்டு என்று லிவர்பூல்காரர் ஒன்றரைக்கே வந்து அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். மாணவன் (தலையில் முடி இல்லை, ஐம்பதை எட்டுகிறான், எனக்கு இன்னும் மாணவன்தான்) வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டு என் கடையில் நின்றான். தொலைபேசியை ரில்லில் சாய்த்து வைத்தோம். பாட்டு நடுவில் ஒரு அம்மா கறிவேப்பிலைக் கட்டோடு வந்து எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்து, யாரோ மோசம்போய்விட்டார்கள் என்று நினைத்துக் காசை வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

முடிந்ததும் லிவர்பூல்காரர் சொன்னார்: “ஜோர்ஜ் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டான். முதல் இரண்டு பாட்டிலும் மூன்று பேரும் உயிரோடு ஒரே அறையில் இருந்தார்கள். அது உண்மையான பீற்றில்ஸ். ஜெப் லின்னுக்கு ஒரு கை இருந்தது. இது கொம்பியூட்டர்.” ஜெப் லின்னைப் பற்றியா சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கேட்காத மாதிரி இருந்தார். அவருடைய காதுக்குள் இருக்கும் கருவியும் இரைச்சலை ஒதுக்கிக் குரலைப் பிரித்தெடுக்கிற சாதிதான். அது இல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பாட்டை மட்டுமல்ல, என்னையும் கேட்காது.

மாணவனின் கோபம் வேறு. ஜோனின் பதிவில் பல்லவிக்கு முன்னால் ஒரு பகுதி இருந்தது, போல் அதை வெட்டிவிட்டார். “உயிரோடு இருந்தால் ஜோனோடு சண்டை பிடித்து வெட்டியிருக்க வேண்டும். இப்போது சண்டையே இல்லாமல் வெட்டிவிட்டார்.” எனக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. அந்த இடத்தில்தான் பாட்டு ஒரு முடுக்குக்குள் திரும்பும். வெட்டிய பிறகு நேர் தெருவில் போகிறது. ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. பின்னணிக் குரல்களைப் பழைய பீற்றில்ஸ் பாட்டுகளிலிருந்து எடுத்து ஒட்டியது குற்றம், கிற்றாரை ஜோர்ஜ் மாதிரி போல் வாசித்தது குற்றம், வயலின்காரர்களுக்கு இது பீற்றில்ஸ் பாட்டு என்று சொல்லாமல் வேறு பெயர் சொல்லி வாசிக்க வைத்தது பெருங்குற்றம். அடுக்கிவிட்டு, கசெற்றாகவும் வெளியிடுகிறார்களாம், வாங்கப்போகிறேன் என்றான். கசெற் போட அவனிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பாட்டு முதலிடத்துக்குப் போனது. 1969க்குப் பிறகு, 54 வருசம் கழித்து. லிவர்பூல்காரர் ஒரு இனிப்புப் பெட்டி கொண்டுவந்து கடையில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் இதே வழக்கு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான், காலமான பம்பா பாக்யாவின் குரலையும் சாகுல் ஹமீதின் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு பாடவைத்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். இது பிரித்தெடுத்த குரல்கூட இல்லை, உண்டாக்கிய குரல். லண்டனில் ஒரு பிறந்தநாள் விழாவில் அந்தப் பாட்டுக்கு எங்கள் சனம் ஆடியது. சாகுல் ஹமீது 1997இல் செத்தவர் என்று என் மனைவியிடம் சொன்னேன். “அதுக்கு இப்ப என்ன, நல்லாத்தானே பாடுறார்” என்றார்.

மகன் சும்மா இருக்கவில்லை. அம்மாவின் கசெற்றைக் கணினியில் ஏற்றி, சுத்தம் செய்து தந்தான். வேகம் சீராகிவிட்டது, அம்மா முதலிலிருந்து கடைசி வரை அம்மாவாகவே பேசினார். டைனமோவின் கரகரப்பு துப்புரவாகப் போய்விட்டது. அதை ரொறொன்ரோவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் எடுத்தான். “அண்ணை, நல்லா இருக்கு. ஆனா நான் சுத்தினது எங்க?” என்றான். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கை கொப்பளம் போட்ட கதையைத் திரும்ப முழுதாகச் சொன்னான். மகன் கரகரப்பைத் திருப்பி வைத்து இன்னொரு பிரதி செய்து அனுப்பும் வரை தம்பி என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

2025 பெப்ரவரியில் ‘நவ் அன்ட் தென்’னுக்குச் சிறந்த ரொக் நிகழ்த்துதலுக்கான கிராமி கிடைத்தது. ஜோனின் மகன் ஷோன் மேடையேறி வாங்கினார். போட்டியில் இருந்த கிறீன் டே, பேர்ல் ஜாம் எல்லாம் உயிரோடு ஊர் ஊராய் வாசிக்கிற குழுக்கள். 1980இல் செத்தவரும் 2001இல் செத்தவரும் அவர்களைவிட நன்றாக நிகழ்த்திவிட்டார்களாம் என்று மாணவன் புழுங்கினான். லிவர்பூல்காரர், “ஏன், முதலும் அப்படித்தானே” என்றார். அவர் அதற்குள் கட்சி மாறிவிட்டிருந்தார்.

பிறகு நவம்பரில் ‘அந்தோலஜி’யின் நாலாம் பாகம் வந்தது. அதில் ‘பிறீ அஸ் எ பேர்ட்’டும் ‘றியல் லவ்’வும் புதுக் கலவையில். செய்தவர் அதே ஜெப் லின். இம்முறை ஜோனின் குரலைப் புது முறையில் பிரித்தெடுத்து முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். முப்பது வருசம் கழித்து ஜோன் குளியலறையை விட்டு வெளியே வந்தார். லிவர்பூல்காரர் காதுக் கருவியைச் சரிசெய்து இரண்டு முறை கேட்டார். “ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. அதுதான் பிழை. எல்லாவற்றையும் கெடுத்துப்போட்டான்” என்றார்.

மாணவன் அவரோடு முழுதாக உடன்பட்டான். நான் அறிய இதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய், அந்தப் புதுப் பாட்டைக் கணினியில் ஏற்றி, குரலைப் பிரித்து, மங்கலாக்கி, தூரத் தள்ளி, கசெற் இரைச்சல் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். மூலப் பாட்டுத்தான் உன்னிடம் இருக்கிறதே என்று கேட்டால், அதில் ஜெப் லின்னின் கை இருக்கிறதாம். இரண்டு மூன்று பிரதி எனக்கும் அனுப்பினான். இன்னும் 1995 வரவில்லையாம், கிட்டத்தட்ட 1997இல் நிற்கிறதாம்.