ஒரு மாத அடிப்படைச் சம்பளம்

மும்பை தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் வளர்ந்து, மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் படித்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கள அதிகாரியாகச் சேரப்போகிற தம்பிக்கு வாழ்த்து. அரசாங்க வேலை, அதுவும் தண்ணீரைக் காக்கிற வேலை. செம்பூர் மாமா இனி உன்னைப் பார்த்தால் எழுந்து நின்று பேசுவார். அந்த மயக்கம் தெளிவதற்குள் சிலதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்பில் இதெல்லாம் வராது.

வாரியத்தின் தலைமை அலுவலகம் சயான் சர்க்கிள் அருகில் இருக்கிறது. அங்கிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். தாராவியைத் தாண்டினால் மித்தி ஆறு. யாரிடமும் வழி கேட்காதே. மூக்கு காட்டும்.

முதலில் சாம்பிள் எடுக்கப் பழகு. 1974-ஆம் வருட நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதை அழகாகச் சொல்கிறது. கழிவுநீர் விடுகிறவனுக்கு அந்த இடத்திலேயே நோட்டீஸ் கொடு. அவன் கண்ணெதிரே எடுத்த நீரை இரண்டாகப் பிரித்து, தனித்தனிக் குப்பியில் அடைத்து முத்திரை வை. நீயும் கையெழுத்துப் போடு, அவனிடமும் வாங்கு. தாராவிச் சந்துக்குள் கெமிக்கல் டிரம் கழுவிப் பிழைக்கிறவனிடம் இதைச் செய்வது வெகு சுலபம். அவன் ஓட மாட்டான், ஓட இடமும் இல்லை. "சாஹேப், சாஹேப்" என்று பின்னாலேயே வருவான், கட்டிங் சாய் வாங்கிக் கொடுப்பான். கழிவுநீர் விட வாரியம் தரும் கன்சென்ட் எங்கே என்று அதட்டினால், கன்சென்ட் என்றால் என்ன என்று கேட்பான். சாம்பிளை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று, பார்த்துவிட்டால், அவன் கரண்டைப் பிடுங்கச் சொல்லக்கூட உன் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டம் எவ்வளவு கூர்மையானது என்று அன்று உனக்கே புல்லரிக்கும்.

அடுத்த நாள் ஆற்றுக்கு வா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட பட்டியலில், பவாய் முதல் தாராவி வரை மித்தியின் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு 3. முப்பதைத் தாண்டினாலே மிக மோசமான முதல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். கக்கூஸிலிருந்து நேராக வரும் சாக்கடையைச் சோதித்தாலே ஏறக்குறைய இந்த 250 தான் வரும். ஆகவே ஆற்றில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று நீ பார்க்கவில்லை தம்பி. சாக்கடையில் கொஞ்சமாவது ஆறு கலந்திருக்கிறதா என்று பார்க்கிறாய்.

சரி, அந்தக் குப்பிக்கு எதிர்க் கையெழுத்து யார் போடுவார்கள்? சாக்கடையை அள்ள வேண்டியது மாநகராட்சி. 2025-26-க்கு 74,427 கோடி ரூபாய்க்கு பட்ஜெட் போட்ட மாநகராட்சி. நீ நோட்டீஸ் அனுப்புவாய். டெண்டர் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். நினைவூட்டல் அனுப்புவாய். அதே பதில், தேதி மட்டும் புதிது. ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதும், நடுவில் பதினெட்டு கிலோமீட்டருக்கு மலம் ஓடும். இரண்டு பக்கமும் ஃபைல் சுத்தமாக இருக்கும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி ஊர் மூழ்கியபோதுதான், இங்கே ஓர் ஆறு ஓடுகிறது என்பது ஆள்கிறவர்களுக்கு நினைவு வந்தது. விமான நிலையத்துக்காக அதை வளைத்தவர்கள் அவர்கள். பாந்திரா-குர்லா காம்ப்ளெக்ஸுக்காக அதன் சதுப்பில் மண் கொட்டியவர்களும் அவர்களே. குற்றவாளியைத் தேடினார்கள், கரையோரக் குடிசைக்காரன் அகப்பட்டான். புல்டோசர் போனது. பிறகு ஆற்றைக் காக்க ஓர் ஆணையம் வந்தது, கூடவே பாகப்பிரிவினையும் நடந்தது. மேலே 11.84 கிலோமீட்டர் மாநகராட்சிக்கு, கீழே 6 கிலோமீட்டர் மும்பை பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ.வுக்கு. எல்லைக்கோட்டில் நின்று வில்லங்கச் சான்றிதழ் காட்டிவிட்டா மலம் இறங்குகிறது?

சேறு அள்ளிய கதை தனி. தூர்வாரியதில் 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025 மே மாதம் மும்பைப் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு 13 பேர்மீது வழக்குப் பதிந்தது. மாநகராட்சி அதிகாரிகளும் அதில் உண்டு. அள்ளிய சேற்றைக் கொட்டியதாகக் காட்டிய நிலங்களின் ஒப்பந்தங்களே போலி என்பது குற்றச்சாட்டு. வழக்கு முடியட்டும், அதுவரை தீர்ப்புச் சொல்ல நான் யார்? சேற்றைக் கேட்கலாம், அது போன இடத்தில்தான் இருக்கும்.

தொழில்நுட்பம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே கழிவுத் தொட்டியில் எழுந்த வாயுவைப் பிடித்து இன்ஜின் ஓட்டினார்கள். கழிவுநீர்த் துறையின் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் குறிப்பிடும் சங்கதி இது. நீ படித்த கல்லூரிக்கு அக்கம்பக்கத்தில் நடந்தது. ஊர் தீண்ட மறுத்தவர்களின் கழிவுக்கு அன்று கிடைத்த மரியாதை தாராவிக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 2023 ஜனவரியில், அதுவும் அடிக்கல்லாக. பிரதமரே வந்து நட்டார். ஏழு சுத்திகரிப்பு நிலையங்கள், சுமார் 17,200 கோடி ரூபாய், நாளைக்கு 246 கோடி லிட்டர். அதுவரை வசதியான வார்டுகளின் சாக்கடைக்கு வொர்லியிலும் பாந்திராவிலும் கடலுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளக் குழாய் இருந்தது. சுத்தம் செய்கிற வேலையைக் கடல் பார்த்துக்கொண்டது. தாராவிக்கு அவ்வளவு நீளக் குழாய் எதற்கு, வாசலிலேயே சாக்கடை நாலா ஓடும்போது? தோல் பதனிட்ட தொட்டிகளில் பெரும்பாலானவை தாராவியை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது. இன்றும் நாற்றம் என்றால் இந்த நகரம் தாராவிப் பக்கம்தான் விரல் நீட்டுகிறது. பவாயிலிருந்து இறங்கிவரும் மலத்துக்கு முகவரி கிடையாது.

கடைசியாகத் தண்டனை. பழைய சட்டத்தில், விடக்கூடாத கழிவை நீரில் விட்டால் ஒன்றரை வருடத்திலிருந்து ஆறு வருடம் வரை சிறை. 2024-இல் நாடாளுமன்றம் மனமிரங்கியது. பல குற்றங்களுக்குச் சிறையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று திருத்தியது. முதலில் இமாச்சலத்துக்கும் ராஜஸ்தானுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும். மற்ற மாநிலங்கள் ஒரு தீர்மானம் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். அந்தத் திருத்தத்தை ஒரு வரி விடாமல் படி. தவறு செய்தது அரசுத் துறை என்றால், அதன் தலைவர் கட்ட வேண்டியது அவருடைய ஒரு மாத அடிப்படைச் சம்பளம். பஞ்சப்படியைத் தொடவில்லை, வீட்டு வாடகைப் படியைத் தொடவில்லை, காரையும் டிரைவரையும் தொடவில்லை. உரிய கவனத்தோடுதான் இருந்தேன் என்று நிரூபித்துவிட்டால் அதுவும் வேண்டாம். அதற்குத்தான் அத்தனை நினைவூட்டல்கள், அத்தனை பதில்கள், அத்தனை சுத்தமான ஃபைல்.

அந்தத் திருத்தத்தின்படி டிரம் கழுவுகிறவனுக்கு அபராதம் 10,000-இல் ஆரம்பிக்கிறது. அது அவனுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று, அடுத்த தடவை அவன் வாங்கித் தரும் டீயைக் குடித்துக்கொண்டே கேள்.