300 கிராம் சந்தேகம்

அனுப்புநர்:
31 வருஷம் எடை போட்டு ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
ஏரல் பக்கம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
நாங்கள் ஏறி வந்த விமான நிறுவனம்.

பொருள்: தொழில்முறைப் பாராட்டும் ஒரு சிறு சந்தேகமும் தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் குறுஞ்செய்திகள் நான்கு.

ஐயா,

என்னைத் திருடன் என்று சொல்லாத தெரு எங்கள் ஊரில் கிடையாது. "அண்ணாச்சி, சீனி நூறு கிராம் கொறையுதுல்லா" என்று மளிகைக் கடையில் மறு எடை போட்டுவிட்டுப் பையோடு வந்து நிற்பார்கள். தாசில்தாருக்கு ஒரு மனு போகும், சங்கச் செயலாளருக்கு ஒரு மனு போகும், ஒருமுறை முதல்வரின் தனிப்பிரிவுக்கே ஒன்று போயிற்று. எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதித்தான் எனக்கு இந்த மனு நடை கைவந்தது. ஆகவே குறை சொல்ல எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். சென்ற மாதம் நானும் வீட்டம்மாவும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தங்கள் விமானத்தில் வந்தோம். எங்களுக்கு அதுதான் முதல் விமானம். இறங்கும்போது ஒரே எண்ணம்தான் ஓடியது. இவர்களிடம் முன்பே தொழில் பழகியிருந்தால் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றிருக்கலாமே!

டிக்கெட் போட்டது சென்னையில் இருக்கும் மகள். விவரச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். டிக்கெட் விலை ஒரு வரி. அதன்கீழ் பாதுகாப்புக்கு, விமான நிலைய மேம்பாட்டுக்கு, அதற்கு, இதற்கு என்று ஏழெட்டு வரி. 'வசதிக் கட்டணம்' ஆளுக்கு 350 ரூபாய். என்ன வசதி என்று கேட்டேன். "பணம் கட்டுற வசதிப்பா" என்றாள். பணம் வாங்குவதற்கே ஒரு பணம்! எங்கள் கடையில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசி வரி 'க்யூட்' கட்டணம், 50 ரூபாய். அது அழகுக்கு இல்லை மாமா, முனையத்தில் எல்லா நிறுவனமும் பொதுவாகப் பயன்படுத்தும் கணினிக் கருவிகளுக்கான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் என்று மருமகன் விளக்கினார். வீட்டம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் 50, எனக்கும் 50 என்று ஒரே தொகை போட்டிருந்ததில்தான் அவளுக்கு வருத்தம்.

காப்பீடு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சீனி வாங்க வருகிறவர் தலையில் ஒரு தேயிலைப் பொட்டலத்தையோ உப்புப் பொட்டலத்தையோ நாங்களும் கட்டியிருக்கிறோம். மறுக்கவில்லை. மேலேயிருந்து விற்கச் சொல்லுவார்கள், நாங்கள் கெஞ்சிக் கொஞ்சித் தள்ளிவிடுவோம். பாதிப் பேர் திட்டிவிட்டுப் போவார்கள். தாங்களோ வாயே திறப்பதில்லை. காப்பீடு வேண்டாம் என்று மகள் அமுக்கப் போனால், 'பாதுகாப்பில்லாமலே பயணம் செய்கிறேன்' என்ற பொத்தானை அமுக்க வேண்டியிருந்ததாம். பெற்றவர்களை அனுப்புகிற பிள்ளைக்குக் கை வருமா? இப்படி வெட்கப்படுத்தி விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறை போட்டபோது, உதாரணம் காட்ட விமான டிக்கெட்டைத்தான் எடுத்துக்கொண்டதாம். அரசாங்கமே உதாரணம் காட்டும் அளவுக்கு நாங்கள் வளரவில்லை, ஐயா.

இருக்கையில் எனக்கு 4-ஆம் வரிசை, வீட்டம்மாவுக்கு 17-ஆம் வரிசை. 34 வருஷமாக ஒரே குடும்ப அட்டையில் இருக்கிறோம், ஒருவர் பெயரை ஒருவர் நீக்கச் சொன்னதில்லை. சேர்ந்து உட்கார வேண்டுமானால் தனிக் காசு என்றார்கள். "ஒன்றரை மணி நேரந்தானே, இருக்கட்டும்" என்று வீட்டம்மா சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அது தங்கள் குற்றமில்லை.

இப்போது எடைக்கு வருகிறேன்.

வீட்டில் இன்னும் பழைய தட்டுத் தராசும் படிக்கற்களும் வைத்திருக்கிறேன். கீழே போகிற மூட்டை ஆளுக்கு 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்று மகள் சொல்லியிருந்தாள். கருப்பட்டிச் சிப்பம், அரிசி, வற்றல் எல்லாவற்றையும் நிறுத்து இரண்டு பையிலும் சரியாக 15 கட்டினேன். என் கைப்பை முள் ஆடாமல் 7. அதில் வெறும் பையே இரண்டே முக்கால் கிலோ. சாக்கு எடையைக் கழிக்காமல் அரிசி போட்டால் ஊரே திரண்டு வந்துவிடும். தாங்கள் சாக்கோடு சேர்த்தே நிறுக்கிறீர்கள், ஒருவரும் மூச்சுவிடுவதில்லை.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் 2025-இல் திறந்த புது முனையம். தரை கண்ணாடிபோல் இருந்தது. கைப்பையைத் தராசில் வைத்தேன். 7.8 என்று காட்டியது. எனக்குக் கால் ஆடிவிட்டது. 31 வருஷத்தில் முதல்முறையாக என் எடையில் 800 கிராம் பிசகு! திரும்பிப் பார்த்தேன். வீட்டம்மா கூரையைப் பார்த்தாள். நான் நிறுத்துக் கட்டியபிறகு அரைக் கிலோ மக்ரூனைத் திணித்திருக்கிறாள், பேத்திக்காம்.

"சார், 800 கிராம் கூட இருக்கு. ஒரு கிலோவுக்குப் பணம் கட்டணும், இல்லாட்டி எடுத்துடுங்க" என்றார் தங்கள் ஊழியர் தம்பி. 800-ஐ ஒரு கிலோவாக்கும் இந்தக் கணக்கை நான் ஒருமுறை எதிர்ப்பக்கமாகப் போட்டதற்குத்தான் முதல் மெமோ வாங்கினேன்.

மக்ரூனைத் தெரியுமா, ஐயா? முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரித்தூளும் அடித்துச் சுட்டது. வாயில் போட்டால் கரையும், கையில் அழுத்தினால் நொறுங்கும், எடையே இருக்காது. அரைக் கிலோ என்றால் ஒரு மூட்டை மாதிரி இருக்கும். ஓரமாகப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தோம். நான் பத்து, வீட்டம்மா ஆறு. பின்னால் நின்ற குழந்தைக்கு நாலு. அதன் அம்மா, பாட்டி, விடுப்பு முடிந்து ராணுவத்துக்குத் திரும்புகிற ஒரு பையன் என்று வரிசையே வாங்கித் தின்றது. அத்தனை பேரும் அதே விமானத்தில்தான் ஏறினார்கள். தங்கள் தம்பி மட்டும் ஏறவில்லை. அவருக்கு ரெண்டுதான் கொடுத்தோம். ஆக, அந்த ரெண்டு மக்ரூன் போக மிச்சம் அத்தனையும் வானத்தில்தான் போயிற்று. பையில் இருந்தால் காசு, வயிற்றில் இருந்தால் இலவசம். எங்கள் கடையில் இப்படி ஒரு சலுகை இருந்திருந்தால் சீனியை அங்கேயே தின்றுவிட்டுப் போயிருப்பார்கள்.

மறுபடி வைத்தோம். 7.3. மக்ரூன் போனபின்னும் 300 கூடுதல். பையிலிருந்த இன்னொரு சட்டையைப் போட்ட சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு, துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். 7.0. தம்பி சிரித்தபடி அடையாளச் சீட்டைக் கட்டினார்.

பையை எடுத்தபின் தராசைப் பார்த்தேன். காலித் தட்டு. எண் 0.3 என்று நின்றது.

என் சந்தேகம் இந்த 300 கிராம்தான். மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் வேலை அது. ஆய்வாளர் வருகிற அன்று எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். பழக்கதோஷத்தில் முத்திரையைத் தேடினேன். நான் தேடிய இடத்தில் கொப்பரை கொண்டுபோகக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. எண்ணெய்ப்பசை உள்ள சரக்கு, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் அந்தத் தடை. நியாயம்தான். ஆனால் அதை ஒட்ட வேறு இடம் கிடைக்கவில்லையா?

அடுத்து நேரம். 2.10-க்குக் கிளம்ப வேண்டியது. முதல் குறுஞ்செய்தியில் 40 நிமிடத் தாமதம் என்றீர்கள். பிறகு இன்னொரு 35, பிறகு 25, கடைசியாக 15. வர வேண்டிய விமானம் வரவில்லையாம். "சரக்கு வரல, நாளைக்கு வாங்க" என்று நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் கடையை முற்றுகையிடுவார்கள். அதையே நாலு தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 'வருந்துகிறோம்' சேர்த்தால் ஜனம் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தேன். 1 மணி 55 நிமிடம். பக்கத்திலிருந்த வக்கீல் ஒருவர் சொன்னார்: விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இவ்வளவு நேரம் பிடிக்கும் பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதம் ஆனால் சும்மாவே சாப்பிடக் கொடுக்க வேண்டுமாம். 5 நிமிடம் முன்னால் நிறுத்தினீர்களே, அந்தக் கையை நான் தொட்டுக் கும்பிட வேண்டும். தராசு 300 கிராம் பிசகினாலும் கடிகாரம் பிசகவில்லை. விமானத்தில் ஏற்றிக் கதவைச் சாத்தியபின் 20 நிமிடம் அப்படியே உட்காரவைத்தீர்கள். இரண்டு சட்டையோடு இருந்ததால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அந்த 20 எந்தக் குறுஞ்செய்தியிலும் வரவில்லை.

மேலே போனதும் ஒரு கப் உப்புமா வாங்கினேன். காய்ந்த ரவை, அதில் வெந்நீர் ஊற்றி மூடிக் கையில் கொடுத்து எட்டு நிமிடம் பொறுக்கச் சொன்னார்கள். கப்பில் 80 கிராம் என்று அச்சிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றிச் சரக்கைக் கூட்டுவது பால்காரர்களின் வித்தை என்று இருந்தேன். அடுத்த இருக்கைக்காரரின் சிப்ஸ் பொட்டலம் காற்றழுத்தம் குறைந்து பலூன்போல் உப்பியிருந்தது. பிரித்தால் அடியில் ஒரு பிடி. சென்னை விமான நிலையத்தில் 10 ரூபாய்க்குத் தேநீரும் 20 ரூபாய்க்குச் சமோசாவும் கொடுக்க 2025 பிப்ரவரியில் 'உடான் யாத்ரி கஃபே' திறந்திருப்பதாக மருமகன் சொன்னார். கொல்கத்தாவில் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே வந்துவிட்டதாம். என் காதுக்கு அது நியாயவிலைக் கடை என்றுதான் கேட்டது. என்ன இருந்தாலும் எங்களை விட்டால் ஆளில்லை.

மூட்டை வந்தது. ஒரு சக்கரம் வரவில்லை. கேட்டதற்கு, சாதாரணத் தேய்மானம் என்று படிவத்தில் எழுதியிருப்பதைக் காட்டினார்கள். சேதாரம் என்ற சொல்லை நானும் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். மேற்கொண்டு பேசவில்லை.

ஊருக்குத் திரும்பியது முத்துநகர் எக்ஸ்பிரஸில். ரயிலிலும் எடை வரம்பு உண்டு, படுக்கை வகுப்புக்கு 40 கிலோ. எழும்பூரில் யாரும் எங்களை நிறுக்கவில்லை. வீட்டம்மா இனி ரயில்தான் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அடுத்த மாதம் பேத்தி பிறந்தநாளுக்கு மகள் முன்பே தங்கள் டிக்கெட்டைப் போட்டுவிட்டாள். ரத்து செய்தால் திரும்பி வருகிற தொகைக்கு ஒரு கிலோ மக்ரூன்கூடக் கிடைக்காது. ஆகவே வருகிறோம்.

வரும்போது என் பழைய ஒரு கிலோ படிக்கல்லைக் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். இரும்புக்கல், அடியில் ஈயம் ஊற்றி முத்திரை குத்தியது. தம்பி அனுமதித்தால் முதலில் அதைத் தட்டில் வைத்து, எண் என்ன சொல்கிறது என்று இருவருமாகப் பார்த்துவிட்டுப் பிறகு பையை வைக்கிறேன்.

அந்தக் கல் என் 7 கிலோவில் சேருமா, சேராதா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
4-ஆம் வரிசைப் பயணி.

இணைப்பு: மக்ரூன் பொட்டலத்தின் காலி உறை, 1. (எடை 12 கிராம், என் தராசில்.)