கேட்டால் சொல்வேன்: உப்பும் சிம்மாசனமும்

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் அந்தக் கல்யாண விருந்துக் கொலையைப் பார்த்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏன் இப்படி வலிக்கிறது?
— கல்லூரி மாணவி, டயகம

சோறு இறங்காததுதான் சரியான விமர்சனம் தங்கச்சி! 2013 ஜூன் 2ஆம் திகதி வந்த அத்தியாயம் அது. வாள்வெட்டு அந்தத் தொடரில் வாராவாரம் உண்டு. இந்த வெட்டு உறைக்கக் காரணம் உப்பு. வெட்டுப்பட்ட ராப் ஸ்டார்க்கும் தாயும் அதற்கு முன்பே வால்டர் ஃப்ரே வீட்டில் ரொட்டியும் உப்பும் தின்றுவிட்டார்கள். உப்புக் கொடுத்தவன் விருந்தாளியைத் தொடக்கூடாது என்பது அந்தக் கற்பனை நாட்டின் சட்டம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நம் கிழவிகள் சொன்னது உண்டவனுக்கு. அங்கே இட்டவனுக்கும் அதே கடமை.

நாவலாசிரியர் மார்ட்டின் இதை ஆகாயத்திலிருந்து பறிக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் 1440இல் எடின்பரோக் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்து, டக்ளஸ் பிரபுவையும் தம்பியையும் தலை வெட்டினார்கள். 1692இல் கிளென்கோ ஊரில் தங்கி உண்ட படையினர் வீட்டுக்காரரையே கொன்றார்கள். முன்னதில் உப்பிட்டவன் துரோகி; பின்னதில் உப்புத் தின்றவன்.

மார்ட்டின் ஆறாவது நாவலை எப்போது முடிப்பார்?
— வாசகர், தலவாக்கலை

கப்பாத்து வெட்டிய மலையில் எப்போது கொழுந்து வரும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

தொடரில் உங்களுக்குப் பிடித்தவர்?
— வாசகி, ஹற்றன்

டிரியன். குடியை விட்டிருந்தால் தொழிற்சங்கமே நடத்தியிருப்பார்.

நம் நாட்டில் இப்படிச் சிம்மாசனச் சதி உண்டா?
— ஆசிரியர், அக்கரப்பத்தனை

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்! கண்டிக்குப் போங்கள்.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தான். மகா அதிகாரம் பிலிமத்தலாவை பதினெட்டு வயதுக் கண்ணுச்சாமியைப் பிடித்துச் சிம்மாசனத்தில் ஏற்றினார். நாயக்கர் வம்சத்துப் பையன், சொன்னபடி ஆடுவான் என்று கணக்கு. பையனோ ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாகி எல்லாரையும் ஆட்டுவித்தான்! ஏற்றியவரே இறக்கப் பார்த்தார்; அவர் தலை போனது. அடுத்து வந்த எஹலேபொல வெள்ளைக்காரனிடம் ஓடினார். 1814இல் அவர் மனைவி மக்களை அரசன் கொன்றான். பாவம், அந்தப் பிள்ளைகள் எந்த முடிக்கு ஆசைப்பட்டார்கள்?

1815 பெப்ரவரியில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் பிரதானிகள் கையெழுத்துப் போட்டு நாட்டையே எழுதிக்கொடுத்தார்கள். முடி எஹலேபொலவுக்குக் கிடைத்ததா? மொரீசியசில் கைதியாக 1829இல் இறந்தார். அரசன் வேலூரில் 1832இல் இறந்தான். சிம்மாசனமும் கப்பலேறி, 1934இல்தான் திரும்பி வந்தது.

அந்தக் கையெழுத்துத்தான் மலையைத் திறந்துவிட்டது. முதலில் கோப்பி வந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து காட்டுவழி நடந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். கண்டி அரண்மனைச் சதிக்கும் நம் லயத்துக்கும் ஒரே வேர்.

டிராகன் பெரிதா, நம் ஊர் சீரியல் நாகினி பெரிதா?
— வாசகர், லிந்துலை

மார்கழிக் குளிரில் டயகமவுக்கு வாருங்கள். நெருப்புக் கக்குவதற்கே என் ஓட்டு.

எதைக் கேட்டாலும் காமன் கூத்துக்கே வந்துவிடுகிறீர்களே?
— வாசகர், நானுஓயா

வராமல் எப்படி? துரோகக் கதையென்றால் அதுதான் கதை! தாரகாசுரனால் தேவர்களுக்குப் பதவி போகிறது. அவனைக் கொல்லச் சிவனுக்கு ஒரு பிள்ளை பிறக்கவேண்டும், சிவனோ தவத்தில். தவத்தைக் கலைக்க யார் போவது? இந்திரன் போகவில்லை. மன்மதனை அனுப்பினான். நெற்றிக்கண் திறந்தது, எரிந்தவன் மதன், பதவி தப்பியவன் இந்திரன்.

தொலைக்காட்சி சதிகாரன் சிரிப்பைக் கிட்டத்தில் காட்டும். கூத்து ரதியின் கண்ணீரைக் காட்டும். மாசியில் தப்பு முழங்கும்போது, எரியப்போகிறான் என்று தெரிந்தே போய் நிற்கிறோம், தெரிந்தே அழுகிறோம். சதி செய்தவனின் கெட்டித்தனத்தை ரசிப்பது சுலபம். எரிந்தவன் பக்கம் நின்று கதை சொல்லத்தான் மனசு வேண்டும். அதனால் எனக்கு எட்டு சீசனைவிட ஒரு காமன் இரவு பெரிது.

நமக்கு நடந்த பெரிய துரோகம் எது?
— தரம் 11 மாணவன், டயகம

தம்பி, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன்.

1947 தேர்தலில் நம் ஆட்கள் வாக்குப் போட்டார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடம், 1948இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட சனத்தில் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். பின்னாலேயே வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். பெரட்டுக்களத்தில் ஆள் பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன கோச்சிக்குச் சனம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி.

கூத்தில் ரதி அழுதால் மதன் எழுந்துவிடுகிறான். மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழிசெய்த சட்டம் 2003இல் வந்தது. 55 வருடம்.

உன் அப்பாயியிடம் கேள்: அந்தக் கோச்சியில் நம் வீட்டிலிருந்து யார் யார் போனார்கள்? சொல்லும் பேர்களைக் கொப்பியில் எழுதி வை.