தையல் 300

ஆரணியிலும் சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கங்களிலும் தறி ஓடும் வீடுகளில் ஒரு புது ரகம் வளர்ந்து வருகிறது. வயது இருபத்தைந்துக்கு முன்னே பின்னே இருக்கும். இன்ஜினியரிங் முடித்தாயிற்று, இரண்டு பேப்பர் மட்டும் முடியவில்லை. கேட்டால் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன் என்பார். முன்கூடத்தில் தறி, பின்னறையில் கம்ப்யூட்டர். நடுவில் உள்ள சுவரைத் தாண்டித் தறிச்சத்தம் வந்துவிடக் கூடாதென்று காதில் பெரிய ஹெட்போன். அவர் தறிக்குழியில் கால் வைக்கமாட்டார். "இந்தப் பொழப்பு என்னோட போவட்டும்" என்று அப்பாவே சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பின்னறையில் அவர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தால், பட்டுத்துணியைச் சுருள் சுருளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டின் பெயர் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. 2004-ல் வந்தது. பழசுதான் ருசி என்று ஊர் உலகமெல்லாம் கேட்டதால் 2019-ல் அதன் ஆதி வடிவத்தை 'கிளாசிக்' என்று மறுபடி திறந்துவிட்டார்கள். நம்மவர் குடியிருப்பது அதில்தான். அரக்கர், பூதம், வாள், வேல் எல்லாம் உண்டு. ஆனால் இந்த ரகத்து ஆட்கள் சண்டைக்காகப் போகிறவர்கள் அல்ல, கைத்தொழிலுக்காகப் போகிறவர்கள்.

ஒருவருக்கு முதன்மைத் தொழில் இரண்டுதான் என்பது அங்கே சட்டம். சமையல், மீன்பிடி, முதலுதவி ஆகியவை கணக்கில் சேராத உபதொழில்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எந்தப் படிப்பு என்று கேட்டபோது நம்மவர் யோசித்தது ஐந்து நிமிடம். பெரியம்மா பையன் எடுத்ததையே எடுத்தார். இந்த இரண்டு தொழிலைத் தேர்ந்தெடுக்க எக்செல் ஷீட் போட்டார். சுரங்கமும் கொல்லுப்பட்டறையும் ஜோடி. மூலிகை பறிப்பதும் ரசவாதமும் ஜோடி. தோல் உரிப்பதும் தோல் வேலையும் ஜோடி (இதற்கு ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிராக்கி இருக்கும் என்பது என் ஊகம்). சோறு இறங்காமல் அலசி ஆராய்ந்து கடைசியில் அவர் எடுத்தது தையலும் மந்திரமேற்றலும். அங்கே துணிச்சுருள் சேர்ப்பதும் தையல் கணக்கில்தான் வருகிறது. கோடம்பாக்கமோ குடகோ, எங்கே வேண்டுமானாலும் ஓடிப்போ என்று விட்டால், அடுத்த தெருவில் தறி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு மந்திரமேற்றல் புரியவில்லை.

"தச்ச அங்கிய உடைச்சுடணும்மா. அதுலருந்து வர்ற பொடிய வெச்சு மந்திரம் ஏத்தணும்."

"பழைய ஜரிகைப் புடவை வாங்க வர்றவரு கொளுத்தி வெள்ளி எடுக்கறாரே, அதானே?"

"அது பழசும்மா. இது புதுசாவே உடைக்கறது."

"கட்டாமயேவா?" என்று அம்மா கேட்ட தொனியில், அவர் அன்று இரண்டாவது தோசை கேட்கவில்லை.

தொழிலில் தேர்ச்சி ஒன்றில் தொடங்கி 300 வரை ஏறும். ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு நிறம். ஆரஞ்சு என்றால் செய்தால் நிச்சயம் ஒரு புள்ளி. மஞ்சள் என்றால் பெரும்பாலும். பச்சை என்றால் அதிர்ஷ்டம். சாம்பல் ஆகிவிட்டால் ஆயிரம் முறை செய்தாலும் புள்ளி கிடையாது. இதை அப்பாவுக்கு விளக்கியதுதான் அவர் செய்த வினை.

"டேய், நானு முப்பது வருசமா இதே புட்டா போடறேன். அப்போ நானு இன்னா கலரு?"

"சாம்பல் நைனா. நீ எப்பவோ சாம்பல்."

"புள்ளி ஏறலன்னா போவுது. கூலி எந்தக் கலருல இருக்குதுன்னு பார்த்துச் சொல்லு."

125-ஐத் தொட்டால் பட்டு. நாலு பட்டுத்துணி சேர்ந்தால் ஒரு சுருள். சங்கதி என்னவென்றால், அந்த உலகத்தில் பட்டுப்பூச்சிக்கு வேலை இல்லை. ராமநகரப் பட்டுக்கூடு சந்தை, முறுக்கு, சாயம், பாவு, சூரத் ஜரிகை எதுவும் கிடையாது. மனிதச் சாயலில் இருக்கும் எதிரிகளைக் கொன்று, விழுந்தவர் மடியைத் தடவினால் பட்டு வரும். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இதே ஆரணியில் சந்தா சாகிபின் மகன் படையோடு மோதி வென்றார். அந்தக் களத்தில் யாரும் பிணத்தைப் புரட்டிப் பட்டு எடுத்ததாக நான் படித்ததில்லை. அசல் பட்டுக்குச் 'சில்க் மார்க்' முத்திரை நம் நாட்டில் வந்ததும் அதே 2004-ல்தான். நம்மவர் சரக்குக்கு அந்த முத்திரை கிடைக்க வாய்ப்பில்லை.

உழைப்பில் மட்டும் அவரைக் குறை சொல்லக் கூடாது. "கொஞ்சம் தார் சுத்திக் குடுடா" என்று அம்மா கூப்பிட்டால் முதுகு வலிக்கும். அதே முதுகு விடிகாலை மூன்று மணி வரை, ஒரே பாசறையில் ஒரே கொள்ளைக்காரனை, அவன் திரும்பத் திரும்ப உயிர்த்தெழ எழ, வெட்டிக்கொண்டே இருக்கும். நிலவுத்துணி என்று ஒன்று உண்டு. ஒரு தரம் செய்தால் அடுத்ததற்கு நான்கு நாள் காத்திருக்க வேண்டும். முனகாமல் காத்திருப்பார். அப்பாவின் ஒரு புடவை இறங்க வாரக்கணக்கில் ஆவதுதான் அவருக்குப் பொறுக்காது. "நைனா, உன் தறில 'எல்லாத்தையும் செய்'னு ஒரு பட்டன் இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்!" அவருடைய திரையில் அப்படி ஒரு பட்டன் நிஜமாகவே இருக்கிறது. அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஒரு நாள் மட்டும் அவர் வாடிய முகத்தோடு முன்கூடத்துக்கு வந்தார். விஷயம் வியாபாரம். செய்த அங்கிகளை ஏலக்கடையில் போட்டிருக்கிறார். பட்டு என்ன விலையோ, அதைவிட அங்கி விலை குறைவு. போதாததற்கு விற்றதில் நூற்றுக்கு ஐந்து ஏலக்கடைப் பிடித்தம்.

"அஞ்சுதானா? நல்ல மனுசனா இருக்கானே" என்றார் அப்பா, நாடாவை விட்டுவிட்டு.

"அது இல்ல நைனா. நூலு விலைக்குக் கூட துணி போவல."

அப்பாவின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை வீட்டில் யாரும் சமீபத்தில் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தார். எத்தனை பேர் இதே அங்கி போடுகிறார்கள்? எதற்குப் போடுகிறார்கள்? பணத்துக்கா? இல்லை, புள்ளிக்கு. தேர்ச்சி ஏறினால் போதும் என்று நட்டத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்பா தொடையைத் தட்டினார். "அதான். வயித்துக்கு நெய்யறவனும் வெளையாட்டுக்கு நெய்யறவனும் ஒரே சந்தையில நின்னா வெளையாட்டுக்காரன்தான் ஜெயிப்பான். இங்க பவர்லூம் வந்தப்ப நாங்க பட்டது. எங்களுக்காச்சும் 1985-ல கைத்தறிக்குன்னு ரகம் ஒதுக்கிச் சட்டம் போட்டாங்க. உங்க ஊர்ல சர்க்காரு இருக்குதா?"

"கம்பெனிதான் நைனா இருக்கு."

"அப்ப சங்கம் வைங்கடா."

சங்கம் இருந்தது. கில்டு என்று பெயர். போலந்திலிருந்து ஒருவர், பிலிப்பைன்ஸிலிருந்து இருவர். ஆனால் கூலி உயர்வு கேட்க அல்ல, டிராகனைக் கொல்ல. அப்பாவுக்கு அதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை. அவர் பார்த்த சில கூட்டுறவுச் சங்கங்களும் கூலி விஷயம் தவிர மற்றதெல்லாம் பேசியிருக்கின்றன.

அப்புறம் பெண் வீட்டார் வந்தார்கள். அவர்களும் தறிக்காரர்கள். மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று பெண்ணின் அப்பா கேட்டார். பேங்க் எக்ஸாம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நம்மவர் பதற்றத்தில், "தையல், 300" என்று சொல்லிவிட்டார்.

"தினம் முந்நூறா, பீஸுக்கா?"

யாரும் பேசவில்லை. பெண்ணின் அப்பா விடுவதாக இல்லை. "சரி, இருக்கறது சொந்தத் தறியா, கூலித் தறியா?"

மாதாமாதம் விளையாட்டுக்குச் சந்தா கட்டுகிற அப்பா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாடகைத் தறிங்க. ஓனரு அமெரிக்காவுல இருக்காரு."