மூன்றாவது கார்புரேட்டர் யாருக்கு?

அமெரிக்காவில் 1950களின் செவ்ரோலே பிக்கப் ஒன்றை வாங்கி வந்தவருக்கு முதலில் துரு சுரண்டவே பொழுது சரியாக இருக்கும். பிறகு ஒருநாள் பானெட்டைத் திறந்து சாவகாசமாகப் பார்ப்பார். ஆறு சிலிண்டர்கள் வரிசை கட்டி நிற்க, அத்தனைக்கும் காற்றில் பெட்ரோலைக் கலந்து ஊட்ட ஒற்றைக் கார்புரேட்டர்! வியாதி அங்கேதான் தொற்றுகிறது.

இன்னும் கார்புரேட்டர் மாட்டும் ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. நீண்ட இன்ஜினுக்கு நடுவில் ஒரே கார்புரேட்டர் என்பது, சாம்பார் வாளியோடு பந்தியின் நடுவிலேயே நின்றுவிட்டவர் பரிமாறுவது போலத்தான். நடு இலையில் வெள்ளம், கடைசி இலையில் வறட்சி. ஹட்சன் கம்பெனி இதற்கு 1952இல் வழி கண்டது. ஹார்னெட் காரின் 308 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள். 'ட்வின் எச் பவர்' என்று பெயர். வால்வுகளைப் பக்கவாட்டில் வைத்த அரதப் பழசான வடிவம்தான். ஆனாலும் அந்த ஆண்டு நாஸ்கார் கார் பந்தயத் தொடரின் 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன்கள் அள்ளின.

நம்மவரும் இரண்டோடு நிறுத்தலாம். நிறுத்த மாட்டார். 1953ஆம் ஆண்டு கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் நினைவுக்கு வந்துவிடும்: அதே செவ்ரோலேயின் 235 கன அங்குல இன்ஜின், மூன்று கார்புரேட்டர், 150 குதிரைசக்தி. அந்த 150க்கு வேறு கேம்ஷாஃப்ட்டும் கூடுதல் கம்ப்ரஷனும் இரட்டை எக்ஸாஸ்ட்டும் உழைத்ததை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்.

இன்ஜினின் கணக்கு கறாரானது. 235 கன அங்குலம் என்றால் 3.85 லிட்டர், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு, நிமிடத்துக்கு 4,000 சுற்றில் அது முழு மூச்சாக இழுத்தாலும் சுமார் 7,700 லிட்டர் காற்றுதான். வாசலில் எத்தனை கார்புரேட்டர் காத்து நின்றாலும் அதன் நுரையீரல் வளராது.

சரி, மூன்று கார்புரேட்டரையும் சிலிண்டர்களோடு இணைக்கும் மேனிஃபோல்டு வந்து சேர்ந்துவிட்டது. பளபள அலுமினியம். குளிர்காலக் காலையில் வண்டி இருமுகிறது. பழைய மேனிஃபோல்டு எக்ஸாஸ்ட்டின் மேல் உட்கார்ந்து சூடு வாங்கிக்கொண்டிருந்தது. புதியதில் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரோரம் ஒழுகும். ரேடியேட்டரின் வெந்நீரை அடியில் ஓடவிட வேண்டும். அடுத்த செலவு.

அப்புறம் டியூனிங். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, மூன்றும் ஒரே சீறலாகச் சீறும்வரை திருகாணிகளைத் திருக வேண்டும். பக்கத்து வீட்டார் இதை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவார்கள்.

மைலேஜ் சரிந்ததும் சமாதானம் ஒன்று பிறக்கும்: சாதாரணமாக நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யட்டும், காலை அழுத்தி மிதித்தால் மற்ற இரண்டும் திறக்கட்டும். அதற்கான இணைப்புக் கம்பிகளும் விலைக்குக் கிடைக்கின்றன. மாட்டியாயிற்று. இப்போது ஊருக்குள் ஓடும்போதெல்லாம் ஓரச் சிலிண்டர்கள் பழையபடி பட்டினி. இரண்டே கார்புரேட்டர், இரண்டும் சேர்ந்தே திறக்கும் கம்பி என்று ஹட்சனைப் போல அடக்கமாக இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் பெட்ரோல் பங்க்கில் பானெட்டைத் திறந்தால், இரண்டைப் பார்க்க அவ்வளவு கூட்டம் கூடாதே!