ஜெராம் ஸ்டேஷன் மாஸ்டர்

இன்றைய ஜெராமில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் காப்பார் வழியாகக் கிள்ளானுக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். தாமான் வீட்டின் பின்னறையில், எட்டுக்கு நாலடி பிளைவுட் பலகையின் மேல் மூன்று நிலையங்களும் ஒரு குகையும் அவர் நிர்வாகத்தில் இருக்கின்றன. ரயிலண்ணன் என்று வைத்துக்கொள்வோம். பந்திங்கிலும் ஈப்போவிலும் இவருடைய அச்சு உண்டு. ஆனால் கடலோரத்து ரயிலண்ணன் தனி ரகம்.

அவரை அடையாளம் காண்பது எளிது. பேச்சு எங்கே தொடங்கினாலும் தாத்தாவிடம் வந்து நிற்கும். தாத்தா ரயில்வேயில் இருந்தவராக இருப்பார். 1885 ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியதை, தானும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்போல விவரிப்பார். அந்தப் பாதை போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்ததையும் சொல்வார். துருவிக் கேட்டால் உண்மை வெளியே வரும்: தாத்தா ஜெராம் பக்கத்துத் தோட்டமொன்றில் கித்தா மரம் சீவியவர். அந்தக் காலத்தில் டிக்கெட் கவுண்டருக்கு உள்ளே பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாத்தா நின்றது வெளிப்பக்கம், காசை முந்தியில் முடிந்துகொண்டு. பலகையில் இந்தக் கணக்கு நேர் செய்யப்பட்டிருக்கிறது. கவுண்டருக்குள் முக்கால் அங்குல உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் மனிதர் நிற்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தாத்தாவின் மீசை.

பலகையில் ஆண்டு 1963, மாதம் ஆகஸ்டு. அதற்குப் பிறகு வந்த கார், சைன்போர்டு எதுவும் உள்ளே நுழைய முடியாது. பேரன் ஒருநாள் தன் பொம்மை மைவியைத் தோட்டத்துச் சாலையில் நிறுத்திவிட்டான். அரைமணி நேரம் நாட்டு வரலாறு கேட்ட பிறகே விடுதலை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது அவரைப் பொறுத்தவரை இன்னும் நடக்கவில்லை. ஏன் ஆகஸ்டு என்று கேட்டால் சரித்திரக் காரணங்கள் சொல்வார். உண்மைக் காரணம் கொடி. செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்ததும் கொடியில் பதினொரு கோடு பதினாலாகிவிட்டது. அவருடைய தூரிகைக்குப் பதினொன்றே பெரும்பாடு.

தோட்டத்தை அமைத்திருப்பதில் குறை சொல்ல முடியாது. லயம், பிரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், கோயிலை ஒட்டித் தமிழ்ப்பள்ளி எல்லாம் இருக்கின்றன. கித்தா மரத்துக்கு நடுவே கொஞ்சம் செம்பனையும் உண்டு. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது என்பதால், அதை விட்டுவிட்டால் பாவம் என்பார். தொரை பங்களா குன்றின் மேல் இருக்கிறது. அதன் சன்னலுக்கு நேர் கீழே குகை வாசல். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சரக்கு ரயில் ஊதிக்கொண்டு வெளியே வரும். கால அட்டவணையில் வேறு எந்த ரயிலும் இவ்வளவு நேரம் தவறாமல் வருவதில்லை.

அவர் மனசைப் பிசையும் துயரம் ஒன்று உண்டு: தண்டவாள அகலம். நம் நாட்டு ரயில் மீட்டர் பாதை, ஆயிரம் மில்லிமீட்டர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 87-க்கு ஒன்று அளவுப் பொம்மைத் தண்டவாளமோ 1435 மில்லிமீட்டர் பாதையின் சுருக்கம், அகலம் 16.5. நம்முடையதற்கு 12 வேண்டும். அது சுவிட்சர்லாந்து மலை ரயிலுக்காகச் செய்யப்படுகிறது, அங்கேயும் மீட்டர் பாதை என்பதால். விலையும் சுவிட்சர்லாந்து விலை. நாலரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த விருந்தாளியும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று அவர் மனைவி சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுவாரம் பார்சல் வந்தது. "ஆஃபர்லா, பாதி விலை" என்றார். அந்த வீட்டுக்கு வரும் எல்லாப் பொருளும் பாதி விலைதான்; எதன் பாதி என்று மனைவி கேட்பதை விட்டுவிட்டார்.

பலகையின் மேலே நடப்பதெல்லாம் ஊருக்குக் காட்ட. அவருடைய வாழ்க்கை பலகைக்குக் கீழே. பார்க்கப் போனால் முதலில் தெரிவது இரண்டு கால்கள், பேச்சுவார்த்தை அவற்றோடுதான். கல்யாணப் பத்திரிகையைக் காலிடம் கொடுக்க மனம் வராமல், தாம்பாளத்தோடு தரையில் குந்திக் கீழே நுழைந்தவர்களும் உண்டு.

கீழே இருப்பது வயர். தண்டவாளம் இரண்டில் ஒன்று பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ், பன்னிரண்டு வோல்ட், மாற்றிக் கொடுத்தால் ரயில் பின்னால் போகும். இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் இந்நேரம் பேரனோடு கடற்கரைக்குப் போயிருப்பார். நிற்காது. தெருக்கோடி வீட்டுக்குழாயில் தண்ணீர் நூலாய் வருகிற மாதிரி, கன்ட்ரோலரிலிருந்து தள்ளிப் போகப் போக மின்சாரம் இளைத்து, கோல சிலாங்கூர் வளைவில் ரயில் பெருமூச்சு விடும். ஆகவே மூன்றடிக்கு ஒரு ஃபீடர் வயர் இறக்கி ஈயம் வைக்க வேண்டும். போதாததற்கு ஜெராம் உப்புக்காற்று. முதலில் போட்ட பித்தளைத் தண்டவாளம் கறுத்து, அந்தக் கறுப்பு மின்சாரத்தை மறித்தது. அவ்வளவையும் பெயர்த்து நிக்கல் சில்வர் போட்டார். சந்தோஷமாகத்தான் பெயர்த்தார்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் ரயில் வட்டமடித்து வந்த பாதையிலேயே திரும்பும் இடம். அங்கே வலது தண்டவாளம் போய் இடதில் முட்டும்; பாசிட்டிவும் நெகட்டிவும் கைகுலுக்கியதும் எல்லாம் அணைந்துபோகும். இதைத் தீர்க்க ஒரு துண்டுப் பாதையைத் தனியாக வெட்டி, ரயில் அதன்மேல் இருக்கும்போதே துருவத்தை மாற்ற வேண்டும். இதை அவர் இரண்டு கையையும் வளைத்து விளக்குவார். கேட்டவர்களுக்குப் புரிந்ததாக வரலாறு இல்லை. வேலை முடிந்ததும் சோதனை: பாதையில் அங்கங்கே இருபது சென் காசை வைப்பார். வைத்த நொடியில் கன்ட்ரோலர் 'டக்' என்று நின்றுவிட வேண்டும். நிற்காத இடத்தில் வயர் போதவில்லை என்று அர்த்தம், ஒருநாள் அங்கே புகையும். காசு வைத்து நிற்காதபோது அந்த முகத்தில் வரும் மலர்ச்சியை, மகளுக்கு வேலை கிடைத்த அன்றுகூட வீட்டார் பார்த்ததில்லை.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ரயில் ஓடாது. முந்தின இரவு வரை ஓடியிருக்கும். முறுக்குத் தட்டோடு இருபது பேர் நின்றிருக்க, காலிரண்டும் பலகைக்கு வெளியே நீண்டிருக்கும். போன தீபாவளிக்கு அதிசயமாய் ஓடியது. ஒரு பொடியன் பாதை மாற்றும் பொத்தானை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. ஒரு நொடி தொட்டுவிட வேண்டிய பொத்தான் அது. கீழே இருந்த காயில் கருகி, வாசனை சமையலறை வரை வந்தது. பொடியனின் அம்மா பதறிப்போனார்.

"பரவால்லலா தங்கச்சி, புள்ளைய வையாதீங்க," என்றவர் அதற்குள் குனிந்துவிட்டார்.

பெருந்தன்மை என்று பலரும் பாராட்டினார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ரயில் கோளாறில்லாமல் ஓடிய வாரங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, ரயில் எட்டடி போய் எட்டடி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாம் சுற்றில் கொட்டாவி. நாலாம் நாள், "இந்த டிசைன் சரியில்ல தம்பி" என்று டிஜிட்டல் முறைக்கு மாறப் போவதாக அறிவிப்பார். அதில் ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சில்லு வைத்து, ஒரே பாதையில் இரண்டு ரயிலை எதிரெதிரே விடலாம். அதாவது, இதுவரை வாய்க்காத கோளாறுகள்.

இந்த வருடம் கோயில் திருவிழாவில் தேர் புறப்படும் நேரத்துக்கு ஒரு பக்க விளக்கு முழுக்கப் போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் வயரை உலுக்கினார், மறுபக்கமும் போனது. தலைவர் மைக்கில் பொறுமை கேட்டார். ரயிலண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டர் வந்தது. சாமி கும்பிட வந்தவர் டெஸ்டரோடு ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. தேருக்கடியில் படுத்தார். கால் மணி நேரத்தில் ரெண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. நாதஸ்வரம் எடுத்தது, வடம் பிடித்தவர்கள் தயாரானார்கள். அவர் மட்டும் வெளியே வரவில்லை.

"அண்ணே, எரியுதுண்ணே! வாங்க!" என்று தலைவர் குனிந்து கத்தினார்.

"எரியுது, எரியுது," என்றது குரல். "ஆனா எவனோ கறுப்பையும் செவப்பையும் இஷ்டத்துக்கு முறுக்கி வச்சிருக்கான். இப்படியே விட முடியாது. ஒரு அரைமணி நேரம் அணைச்சிடுங்க."